மஞ்சள் சூப்

எனக்குக் கிடைத்தது சமையல்காரன் வேடம். நான் ஆசைப்பட்டது கேப்டன் வேடத்துக்கு.

எங்கள் அமெச்சூர் குழு ஆர். சி. ஷெரிஃப் எழுதிய 'ஜர்னீஸ் எண்ட்' நாடகத்தை எடுத்த வருடம் அது. முதல் ஒத்திகைக்குப் போகும்போதே கேப்டன் ஸ்டான்ஹோப்பின் வசனத்தில் பாதி எனக்கு மனப்பாடம். 1928 டிசம்பரில் லண்டனில் இந்த நாடகம் முதன்முதலாக மேடையேறியபோது ஸ்டான்ஹோப்பாக நடித்தவர் லாரன்ஸ் ஒலிவியே. அப்போது அவருக்கு வயது 21. கதைப்படி ஸ்டான்ஹோப்புக்கும் 21தான். எனக்கு 38 முடிந்து, முன்நெற்றி மேலே ஏறத் தொடங்கியிருந்தது. இயக்குநர் என்னை ஒருமுறை மேலும் கீழும் பார்த்தார். "நீங்க மேசன் பண்ணுங்க" என்றார். அத்தோடு பேச்சு முடிந்தது.

மேசன் அதிகாரிகளுக்குச் சமைத்துப் போடும் சிப்பாய். தட்டோடு வருவான், கோப்பையோடு போவான். அவன் வாயைத் திறந்தால் சாப்பாட்டுப் பேச்சுதான். வீட்டுக்கு வந்து என் வசனங்களுக்கு அடிக்கோடு போட்டுப் பார்த்தேன். மிளகு, வெங்காயம், கட்லெட், ஆப்ரிகாட் என்று மளிகைச் சீட்டு மாதிரி இருந்தது. போர் நாடகத்தில் எனக்கு மட்டும் போரே வரவில்லையே என்று அன்றிரவு ரொம்பவே நொந்துகொண்டேன்.

நாடகம் முழுவதும் ஒரே பதுங்குகுழிக்குள் நடக்கிறது. முதல் உலகப்போர். பிரான்ஸில் செயின்ட் குவென்டின் அருகே பிரிட்டிஷ் படையின் முன்வரிசை. 1918 மார்ச் 18, திங்கள் மாலை தொடங்கி, 21, வியாழன் விடியும் நேரத்தில் முடிகிறது. எதிரே ஜெர்மன் படை பெரிய தாக்குதலுக்குத் தயாராகிறது. தாங்கள் அங்கே இருக்கவேண்டிய ஆறு நாட்களுக்குள் அது வந்துவிடும் என்று குழிக்குள் இருக்கும் எல்லோருக்கும் தெரியும். (மார்ச் 21 அதிகாலையில் அந்தத் தாக்குதல் வரலாற்றிலும் நடந்தது. ஷெரிஃப்பும் அந்தப் போரில் அதிகாரியாக இருந்தவர், 1917இல் பாஷன்டேலில் காயம்பட்டவர்.) சாவு எந்தக் கிழமை வரும் என்று ஏறக்குறையத் தெரிந்தவர்கள் என்ன பேசிக்கொள்வார்கள்?

டிராட்டர் என்ற பருத்த அதிகாரி ஒரு வாய் சூப் குடித்துவிட்டு, இது என்ன சூப் என்று கேட்கிறார். மஞ்சள் கலர் சூப் சார் என்கிறான் மேசன். ஆமாம், நல்ல ஆழமான மஞ்சள் ருசிதான் என்று டிராட்டர் ஒத்துக்கொள்கிறார். அப்புறம் மிளகு வரவில்லை என்று தெரிகிறது. அவ்வளவுதான், துப்பாக்கியை மறந்துவிட்டு வந்ததுபோல அதன்மேல் ஒரு விசாரணையே நடக்கிறது.

ஒத்திகையில் இந்த இடத்தில் நான் சிரிப்பு மூட்டினேன். மூட்ட முடிந்தது, அதனால் மூட்டினேன். இயக்குநர் நிறுத்தச் சொன்னார். திரும்பச் செய்தேன், திரும்ப நிறுத்தினார். பத்துப் பதினொரு தடவை ஆகியிருக்கும். கடைசியில் பக்கத்தில் வந்து மெதுவாகச் சொன்னார்: "மேசனுக்கு ஆயிரம் பிரச்சினை இருக்கு. அதுல அவனால தீர்க்க முடிஞ்சது இந்த மிளகு ஒண்ணுதான். அதை அவன்கிட்டேருந்து பிடுங்காதீங்க."

அதற்குப் பிறகு அந்த நாடகம் எனக்கு வேறாகிவிட்டது.

டிராட்டரையே எடுத்துக்கொள்ளுங்கள். ஒரு தாளில் 144 வட்டங்கள் வரைந்து வைத்துக்கொள்கிறார். ஆறு நாள், நாளுக்கு 24 மணி. ஒவ்வொரு மணி கழியும்போதும் ஒரு வட்டத்தைக் கறுப்பாக்குவது. பார்ப்பவர்களுக்கு அவர் சாப்பாட்டு ராமன், மந்தபுத்தி. கற்பனை இல்லாதவன், அதனால் பயமும் இல்லாதவன் என்பது ஸ்டான்ஹோப்பின் தீர்ப்பு. கதையில் பிந்தி ஓரிடத்தில் அவரிடமே சொல்லவும் செய்கிறான்: எதுவும் உங்களை அசைக்காது, நீங்கள் எப்போதும் ஒரே மாதிரி இருக்கிறீர்கள். டிராட்டர் பெருமூச்சு விட்டு, ஒரே மாதிரியா, உனக்கு என்ன தெரியும் என்கிற மாதிரி அரைகுறையாக ஏதோ சொல்லி நிறுத்திவிடுகிறார். அந்த மனிதர் தன்னைப்பற்றிச் சொல்லும் ஒரே வாக்கியம் அதுதான். அதுவும் முடியவில்லை. எங்கள் டிராட்டராக நடித்த நண்பர் அந்த இடத்தில் ஒவ்வொரு நாளும் தட்டைப் பார்த்தபடி சொல்வார். தட்டு என் கையில் இருக்கும். நான் எங்கே பார்ப்பது என்று கடைசி வரை எனக்குத் தெரியவில்லை.

ஆஸ்போர்ன் இன்னொருவர். பள்ளி ஆசிரியராக இருந்தவர், எல்லோரும் அவரை 'அங்கிள்' என்கிறார்கள். குழியில் உட்கார்ந்து 'ஆலிஸ் இன் வொண்டர்லேண்ட்' படிப்பார். பட்டப்பகலில் எதிரி அகழிக்குள் புகுந்து ஒரு ஆளைப் பிடித்துக்கொண்டு வரவேண்டும் என்று மேலிடத்து உத்தரவு வருகிறது. ஆஸ்போர்னும், புதிதாக வந்த பையன் ராலேவும் போகவேண்டும். கிளம்புவதற்கு முன் சில நிமிடங்கள் சும்மா இருக்கிறது. அந்த நிமிடங்களை எப்படிக் கடப்பது? இருவரும் காட்டைப் பற்றிப் பேசுகிறார்கள். இங்கிலாந்தின் நியூ ஃபாரஸ்ட். அங்கே நடந்திருக்கிறீர்களா, எந்தப் பக்கம், எந்த ஊர் வழியாக. இடையில் மணி பார்க்கிறார்கள். மறுபடி காடு. ஆஸ்போர்ன் மோதிரத்தைக் கழற்றி வைத்துவிட்டுப் போகிறார். திரும்பவில்லை.

என் கணிப்பில் போரைப் பற்றி எழுதப்பட்ட மிக நல்ல உரையாடல்களில் அது ஒன்று. அதில் போர் என்ற சொல்லுக்கு வேலையே இல்லை.

அன்றிலிருந்து எனக்கு ஒரு பழக்கம். போர் நாவலோ நாடகமோ கையில் கிடைத்தால், அதில் சிப்பாய்கள் போரைத் தவிர வேறு எதையாவது பேசும் இடங்களில் பென்சிலால் கோடு போடுவேன். எழுதியவருக்கு விஷயம் தெரியுமா தெரியாதா என்பது அந்தக் கோடுகளிலேயே தெரிந்துவிடும். ரெமார்க்கின் 'ஆல் கொயட் ஆன் தி வெஸ்டர்ன் ஃப்ரன்ட்' 1929இல் புத்தகமாக வந்தது. அவரும் அந்தப் போரில் ஜெர்மன் பக்கம் இருந்து காயம்பட்டவர். முதல் காட்சியே சாப்பாடு. 150 பேருக்குச் சமைத்திருக்கிறது, சண்டையிலிருந்து திரும்பி வந்திருப்பது 80 பேர். ஆளுக்கு இரண்டு பங்கு! கொடுக்க முடியாது என்கிறான் சமையல்காரன், கொடு என்று இவர்கள் தகராறு. மீதி எழுபது பேரைப் பற்றி யாரும் ஒப்பாரி வைப்பதில்லை. வயிறு நிறைந்த திருப்தியில் தொடங்குகிற நாவல் அது. முதல் தடவை படித்தபோது இவர்கள் என்ன மனிதர்கள் என்று நினைத்தேன். சமையல்காரனாக நடித்த பிறகு அந்தக் கஞ்சத்தனமான சமையல்காரன் மீதுகூட எனக்குப் பரிவு வந்துவிட்டது. அவன் 150 என்ற கணக்கை விடமாட்டேன் என்கிறான்.

அதே நாவலில் கெம்மரிக் காலை இழந்து ஆஸ்பத்திரியில் செத்துக்கொண்டிருக்கிறான். பார்க்க வந்த நண்பன் முல்லரின் கண் அவனுடைய பூட்ஸ் மேல் இருக்கிறது. நல்ல தோல். கெம்மரிக்குக்கு இனி எதற்கு? இதை ரெமார்க் கொடுமையாக எழுதவில்லை. முல்லர் நல்லவன், பூட்ஸ் கெம்மரிக்குக்குப் பயன்படும் என்றிருந்தால் வெறுங்காலோடு முள்கம்பி மேல் நடந்துபோவான் என்று கதை சொல்லும் பவுல் நமக்குச் சொல்கிறான். முல்லர் செத்ததும் பூட்ஸ் பவுலுக்கு வருகிறது. தனக்குப் பிறகு இன்னொருவனுக்கு என்று அவனும் சொல்லி வைத்திருக்கிறான். கண்ணீர்விட நேரமில்லாத இடத்தில் பூட்ஸைப் பற்றித்தான் பேசமுடியும் போலிருக்கிறது.

விடுமுறையில் வீட்டுக்கு வந்தபிறகுதான் பவுல் திணறுகிறான். அப்பாவுக்குப் போர்க்கதை கேட்க ஆசை. பெரியவர்கள் எந்தெந்த ஊரைப் பிடிக்கவேண்டும் என்று வரைபடப் பேச்சு பேசுகிறார்கள். கெம்மரிக்கின் அம்மா, என் பிள்ளை எப்படிச் செத்தான், உண்மையைச் சொல் என்கிறாள். உடனே போய்விட்டான், வலியே தெரியவில்லை என்று சத்தியம் செய்கிறான் பவுல். படிக்கும்போது நமக்குத் தெரியும், அது பொய்.

மொத்த நாவலிலும் பவுல் போரைப் பற்றி மனம்விட்டு நேராகப் பேசுவது ஒரே ஒரு ஆளிடம். குண்டு விழுந்த பள்ளத்தில் தன்மேல் வந்து விழுந்த பிரெஞ்சு சிப்பாயைக் குத்திவிடுகிறான். அந்த ஆள் சாக நேரமாகிறது. செத்தபிறகு அவன் பையைத் துழாவி, பெயர் ஜெரார் துவால், அச்சுத் தொழிலாளி என்று தெரிந்துகொண்டு, அந்தப் பிணத்திடம் மன்னிப்புக் கேட்கிறான், வாக்குறுதி கொடுக்கிறான். மறுபடி தன் ஆட்களிடம் வந்து சேர்ந்து அதைச் சொன்னால், நண்பர்கள் அவனைத் தேற்றி, குறிபார்த்துச் சுட்டு எண்ணிக்கை ஏற்றிக்கொண்டிருக்கும் ஒருவனைக் காட்டுகிறார்கள். சரி, போர் என்றால் போர்தான் என்று அடங்கிவிடுகிறான்.

இதற்கு நேர் எதிரான ரகமும் உண்டு. நாளைக் காலை சண்டை. இன்று இரவு ஒரு சிப்பாய் நிலவைப் பார்த்து, நாம் எதற்காகச் சாகிறோம் என்று ஒன்றரைப் பக்கம் பேசுவான். பையில் காதலியின் புகைப்படம் இருக்கும். அந்தப் புகைப்படம் வெளியே வந்தாலே இவன் தேறமாட்டான் என்று நமக்குத் தெரிந்துவிடும். எத்தனை முறை பார்த்தாயிற்று. அந்தப் பக்கங்களில் என் பென்சிலுக்கு வேலை இருப்பதில்லை.

ஷேக்ஸ்பியருக்கு இது நன்றாகவே தெரிந்திருக்கிறது. 'நான்காம் ஹென்றி' முதல் பாகத்தில் ஹாட்ஸ்பர் என்ற வீரன் வருகிறான். சண்டை என்றால் சோறு தண்ணீர் வேண்டாம் அவனுக்கு. அவன் மனைவி ஒருநாள் பிடித்து நிறுத்திக் கேட்கிறாள். சாப்பாடு இறங்கவில்லை, தூக்கம் இல்லை, கண்கள் தரையிலேயே குத்தி நிற்கின்றன, என்னிடம் வருவதில்லை. தூங்கும்போதும் குதிரையை விரட்டுகிறீர்கள், பீரங்கி, அகழி, கைதிகள், செத்தவர்கள் என்று புலம்புகிறீர்கள், நெற்றியில் வியர்வை முத்துமுத்தாக நிற்கிறது. இன்றைய மனநல மருத்துவர் நோயாளியின் சீட்டில் எழுதுகிற அத்தனையும் 1590களில் எழுதப்பட்ட அந்தப் பேச்சில் இருக்கிறது. இவ்வளவையும் கேட்ட ஹாட்ஸ்பர் என்ன செய்கிறான்? வேலைக்காரனைக் கூப்பிட்டு, குதிரை வந்துவிட்டதா, காது நறுக்கிய அந்தக் குதிரைதானே என்று கேட்கிறான்.

எனக்கு அங்கே என் மாமா ஞாபகம் வந்தது. அம்மாவின் தம்பி, ராணுவத்தில் இருந்தவர். பத்து வயதில் நான் அவரிடம், "மாமா, எத்தனை பேரைச் சுட்டீங்க?" என்று கேட்டேன். எந்தப் பையனும் கேட்கிற கேள்விதான். அவர் அரைமணி நேரம் சாக்ஸ் காயவைப்பதைப் பற்றிச் சொன்னார். பனியில் ஈரமான சாக்ஸை வெளியே வைத்தால் காலையில் பலகை மாதிரி விறைத்திருக்கும். சட்டைக்குள் போட்டு வயிற்றோடு ஒட்டி வைத்துப் படுக்கவேண்டும். அவரோடு கூடாரத்தில் இருந்தவருக்கு அது அருவருப்பாம், மாட்டேன் என்பாராம். "அவனோடதையும் சேர்த்து நான்தான் வச்சுப் படுப்பேன்" என்றார். அவர் இப்போது எங்கே மாமா என்றேன். "உல்லன் சாக்ஸ் காய ராத்திரி பூரா ஆகும்டா" என்றார்.

பெரியவர் ஏதோ மழுப்புகிறார் என்று அன்று எனக்குச் சலிப்பாக இருந்தது. ஹாட்ஸ்பரின் குதிரையைப் படிக்க எனக்கு இன்னும் இருபது வருடம் ஆயிற்று.

வேறு எதையாவது பேசுவது என்பது ஆட்களின் பழக்கமாக மட்டும் இல்லாமல் நாவலின் கட்டுமானமாகவே ஆகிவிட்ட இடம் ஒன்று உண்டு. ஜோசஃப் ஹெல்லரின் 'கேட்ச்-22', 1961. ஹெல்லர் இரண்டாம் உலகப்போரில் குண்டுவீச்சு விமானத்தில் 60 தடவை போய் வந்தவர். அவருடைய யோசேரியன் கல்லீரல் வலி என்று சொல்லி ஆஸ்பத்திரியில் படுத்துக்கொள்கிறான். மஞ்சள் காமாலை என்று சொல்லக் கொஞ்சம் குறைகிற வலி. மஞ்சள் காமாலை வந்தால் சிகிச்சை தரலாம், வராவிட்டால் அனுப்பிவிடலாம், இரண்டுக்கும் நடுவில் நிற்பதால் டாக்டர்கள் குழம்புகிறார்கள். படுத்த இடத்தில் சிப்பாய்களின் கடிதங்களைத் தணிக்கை செய்யும் வேலை. சலிப்பில் ஒருநாள் பெயரடை, வினையடையை எல்லாம் அடிக்கிறான். இன்னொரு நாள் வேறு சொற்கள். வயிறு குலுங்கச் சிரிக்கலாம். ஆனால் நடுநடுவே ஸ்னோடன் என்ற பெயர் வந்து போகும். விமானத்தில் ஸ்னோடனுக்கு என்னவோ ஆயிற்று. தொட்டவுடன் கதை வேறெங்கோ ஓடிவிடும். மறுபடி தொடும், மறுபடி ஓடும். முடிவு நெருங்கும்போதுதான் முழுக் காட்சியும் வருகிறது. ஸ்னோடனின் தொடைக் காயத்துக்கு யோசேரியன் ரொம்பக் கச்சிதமாகக் கட்டுப் போடுகிறான். தன் கைத்திறமையில் அவனுக்கே திருப்தி. உண்மையான காயம் கவச உடைக்குள் இருக்கிறது. குளிருகிறது, குளிருகிறது என்கிறான் ஸ்னோடன். சரி சரி என்று முதுகைத் தட்டுவதைத் தவிர யோசேரியனிடம் வேறொன்றும் இல்லை. அத்தனை நூறு பக்க நகைச்சுவையும் இந்த ஒரு காட்சிக்கு வராமல் தப்பிக்க எழுதப்பட்டதோ என்று தோன்றும்.

நம் பக்கம் வந்தால், ப. சிங்காரத்தின் 'புயலிலே ஒரு தோணி'யில் இரண்டாம் உலகப்போர்க் காலத்து மெதானிலும் பினாங்கிலும் அலைகிற பாண்டியனின் மனம் திரும்பத் திரும்ப மதுரைத் தெருக்களுக்கு ஓடும். ஆஸ்போர்னின் காடு மாதிரிதான்.

பத்துப்பாட்டில் இன்னும் பழைய ஒன்று இருக்கிறது. நாடகமும் இல்லை நாவலும் இல்லை, இருந்தாலும் விட மனமில்லை. பள்ளியில் மதிப்பெண்ணுக்காக உருப்போட்ட முல்லைப்பாட்டு. பாசறையில் அரசனுக்குத் தூக்கம் வரவில்லை. அவன் நினைப்பில் வருவது எல்லாம் என்ன தெரியுமா? புண்பட்ட யானை, தன் பிடியை, அதாவது பெண்யானையை, மறந்துவிட்டது. அம்பு தைத்த குதிரை, காதைச் சாய்த்துக்கொண்டு தின்னாமல் நிற்கிறது. பட்டுப்போன வீரர்கள். ஒரு கை படுக்கையில், இன்னொரு கை தலையைத் தாங்கியபடி. அந்தத் தின்னாத குதிரையை நான் எங்கே கண்டாலும் அடையாளம் கண்டுகொள்வேன். அடுத்த சில அடிகளிலேயே வெற்றி கிடைத்து அரசன் இனிதாக உறங்கிவிடுகிறான் என்பது வேறு விஷயம். எனக்கு முந்தைய அடிகள்தான் உண்மையாகப் படுகின்றன.

நெடுநல்வாடை அரசன் படுக்கவே இல்லை. நடு யாமம், வாடைக்காற்று, தூறல். வேப்பிலை கட்டிய வேலைப் பிடித்த ஒருவன் முன்னே போய், காயம்பட்ட வீரர்களை வரிசையாகக் காட்டிக்கொண்டு வருகிறான். சேணம் கழற்றாத குதிரைகள் சேற்றுத் தெருவில் நின்று மேலே விழுந்த துளிகளை உதறுகின்றன. அரசன் நழுவும் மேலாடையை இடப்பக்கம் அணைத்துக்கொண்டு, வாளைத் தோளில் மாட்டிய ஒரு இளைஞனின் தோள்மீது கை வைத்தபடி, முகம் கனிந்து நடக்கிறான். குடை ஒன்று அசைந்து தூறலை மறைக்கிறது. நக்கீரர் குடையைச் சொல்கிறார், சேற்றைச் சொல்கிறார், நழுவும் துணியைச் சொல்கிறார். அரசன் அந்தக் காயம்பட்டவர்களிடம் என்ன பேசினான் என்று மட்டும் சொல்லவில்லை. நான் இயக்குநராக இருந்தால் அங்கே ஒரு வசனம்கூட வைக்கமாட்டேன். வைத்தே தீரவேண்டும் என்றால், மழையைப் பற்றி ஏதாவது.

இதுவரை சொன்னதெல்லாம் பக்கத்தில் ஆள் இருக்கும்வரை. மஞ்சள் சூப்பைப் பற்றிப் பேச டிராட்டருக்கு ஒரு மேசன் வேண்டும், காட்டைப் பற்றிப் பேச ஆஸ்போர்னுக்கு ஒரு ராலே. ஊருக்குத் திரும்பியவனுக்கு அந்த எதிர்க்குரல் இல்லை. அங்கேதான் எழுத்தாளர்களுக்கும் சிரமமான வேலை தொடங்குகிறது.

வியட்நாமில் சண்டையிட்டுத் திரும்பிய டிம் ஓ'பிரையன் எழுதிய 'த திங்ஸ் தே கேரீட்' 1990இல் வந்தது. முதல் கதை, ஆளுக்கு ஆள் என்னென்ன சுமந்தார்கள், ஒவ்வொன்றும் எத்தனை பவுண்டு என்ற பட்டியல். எல்லோரும் அதைத்தான் பேசுவார்கள். எனக்கு அதைவிட நார்மன் போக்கர் வரும் கதை. ஊர் திரும்பிவிட்டான். வேலை எதுவும் இல்லை. அப்பாவின் காரை எடுத்துக்கொண்டு ஊர் ஏரியைச் சுற்றுகிறான். நண்பன் கியோவா சேற்றில் மூழ்கிச் செத்த இரவை யாரிடமாவது சொல்லவேண்டும். அப்பாவிடம் எப்படிச் சொல்வது, அவர் என்ன கேட்பார், தான் என்ன பதில் சொல்வது என்று மனதுக்குள் ஒத்திகை பார்த்துக்கொண்டே சுற்றுகிறான். ஓரிடத்தில் நிறுத்தி, காரில் இருந்தபடியே பர்கர் வாங்குகிறான். ஆர்டர் எடுக்கும் ஒலிபெருக்கிக் குரல், உனக்கு என்னதான் வேண்டும், சொல் என்று அன்பாகவே கேட்கிறது. சொல்ல வாயெடுக்கிறான். நிறுத்திவிடுகிறான். ஒன்றுமில்லை என்று கிளம்பி மறுபடி ஏரி. பன்னிரண்டு சுற்று.

வர்ஜினியா வுல்ஃப் போர்முனைக்குப் போனவர் இல்லை. ஆனாலும் 1925இல் வந்த 'மிஸஸ் டாலோவே'யில் இதை அவர் எழுதிய விதம் என்னை இன்றும் தொந்தரவு செய்கிறது. செப்டிமஸ் போரிலிருந்து வந்தவன். நண்பன் எவன்ஸ் செத்தபோது தனக்கு ஒன்றும் தோன்றவில்லையே என்று முதலில் பெருமைப்பட்டு, பிறகு அதற்காகவே அஞ்சுகிறவன். செத்த எவன்ஸ் அவனோடு பேசுகிறான். பெரிய டாக்டர் ஒருவர் சமநிலை வேண்டும், ஓய்வு வேண்டும், மனைவியைப் பிரிந்து தனியிடத்தில் இருக்கவேண்டும் என்கிறார். அன்று மாலை அவன் மனைவி ரெசியா தொப்பி தைத்துக்கொண்டிருக்கிறாள். யாருக்கு என்கிறான். வாடிக்கைக்காரி ஒருத்தியின் பெயரைச் சொல்கிறாள். அவளுக்கு இது ரொம்பச் சின்னது, வித்தைக் காட்டுகிறவனின் குரங்குக்குத்தான் சரியாக இருக்கும் என்கிறான். இருவரும் சிரிக்கிறார்கள். வெகு நாளைக்குப் பிறகு. ரிப்பனையும் பூவையும் அவனே எடுத்துச் சேர்த்துக் கொடுக்கிறான், அவள் தைக்கிறாள். அவனுக்குப் பெருமை. அந்தச் சில பக்கங்களில் அவன் முழு மனிதன். அப்புறம் மாடிப்படியில் இன்னொரு டாக்டரின் காலடிச் சத்தம் கேட்கிறது. செப்டிமஸ் ஜன்னல் வழியாகக் குதித்துவிடுகிறான்.

அந்தத் தொப்பியும் எங்கள் மஞ்சள் சூப்பும் எனக்கு ஒன்றுதான்.

இதற்கு மறுபக்கமும் இருக்கிறது, நியாயமாகச் சொல்லிவிடுகிறேன். பாட் பார்க்கரின் 'ரீஜெனரேஷன்' (1991) பேசவைக்கிற டாக்டரைப் பற்றியது. முதல் உலகப்போரில் எடின்பரோவின் கிரெய்க்லாக்கார்ட் ராணுவ மருத்துவமனையில் உண்மையிலேயே பணிபுரிந்த ரிவர்ஸ் அதில் வருகிறார். மறக்க முயலாதே, நினைத்துப் பார், சொல் என்கிறவர். குரல் போன ஒருவன், எதுவும் நினைவில்லை என்று காகிதத்தில் எழுதிக் காட்டுகிறான். கொஞ்சம் கொஞ்சமாகப் பேச்சு வருகிறது. பேச்சு வந்து குணமானால் என்ன? திரும்பப் போர்முனைக்கு அனுப்பலாம். அந்த டாக்டரின் தூக்கம் கெடுவது அதனால்தான். ஆகவே பேசிவிட்டால் எல்லாம் சரியாகிவிடும் என்றும் நான் சொல்ல வரவில்லை.

எங்கள் நாடகம் நான்கு காட்சிதான் ஓடியது. கூட்டம் சுமார். என் கிண்ணத்தில் இருந்தது வெந்நீரில் கரைத்த மஞ்சள் சாயம். டிராட்டர் நண்பர் நான்கு நாளும் அதை நிஜமாகவே குடித்தார், வேண்டாம் என்றாலும் கேட்கவில்லை. நாடகத்தின் கடைசிக் காட்சியில் மேசனும் ஏப்ரனைக் கழற்றிவிட்டுத் துப்பாக்கியோடு மேலே போகவேண்டும். போவதற்கு முன் அதிகாரிகளுக்கு சாண்ட்விச் பொட்டலம் தயார் செய்து வைத்துவிட்டுப் போவான். அந்தப் பொட்டலத்தைக் கட்டும்போது என் கை நடுங்கியது. மேசன் நடுங்குவானா என்று தெரியவில்லை. இயக்குநர் ஒன்றும் சொல்லாததால் அப்படியே விட்டுவிட்டேன்.

எல்லாம் முடிந்து சாமான்களை மூட்டை கட்டும்போது ஏப்ரன் பையில் நாலாய் மடித்த ஒரு தாள் கிடைத்தது. டிராட்டரின் வட்டங்கள். மேசையைத் துடைக்கும்போது சூப் கிண்ணத்தோடு சேர்த்து நான்தான் அள்ளியிருக்கவேண்டும். பத்தாவது வரிசையில் உட்கார்ந்தவருக்கு ஏதோ கிறுக்கல் என்றுதான் தெரியும். பத்து வட்டம் வரைந்திருந்தால் போதும். நண்பர் 144உம் வரைந்திருந்தார், எண்ணிப் பார்த்தேன். கறுப்பாக்கியதையும் எண்ணினேன். 58. திங்கள் இரவு ஏழரையிலிருந்து வியாழன் விடிகாலை ஐந்தரை வரை கணக்கு சரியாக வந்தது.

அவரிடம் திருப்பிக் கொடுக்கலாம் என்று பிரதிக்குள் வைத்தேன். இன்னும் அதிலேயே இருக்கிறது, மீதி 86 வட்டமும் வெள்ளையாக.